கூழ்க்கடையைச் சேவையாக்கினேன்

என் மனைவி அறுபது வயதுக்கு மேல் கூழ்க்கடை போட்டாள். தருமபுரியில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு மேசை, ஒரு மண்பானை, கேழ்வரகுக் கூழ், மோர்மிளகாய். பிள்ளைகளை ஆளாக்கியாயிற்று, இனி எனக்கென்று ஒரு சம்பாத்தியம் வேண்டும் என்றாள். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியனான எனக்கு அது தலைகுனிவாகப் பட்டது. காலையில் என்னோடு நடக்க வரும் மாஜி அதிகாரிகளுக்கு வாய் சும்மா இருக்குமா?

“என்ன சார், பென்ஷன் பத்தலையா? மேடத்தைக் கடையில நிக்க வெச்சிட்டீங்க?”

“கடையா? சேவை சார் அது. தர்மமா ஊத்துறா” என்றேன். இத்தனை படித்தும் இவ்வளவுதான் எனக்கு வாயில் வந்தது.

மறுநாளே வந்தார்கள். நல்ல பென்ஷன் வாங்குகிற மனிதர்கள், ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்தார்கள். மிளகாயைக் கேட்டு வாங்கிக் கடித்தார்கள். “புண்ணியம் மேடம்” என்று மீசையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டியதால் அவளால் காசு கேட்க முடியவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினாளாம். அது ஒரு வாய்க் கூழுக்குப் பெறாத மானம்.

காசு கொடுத்துக் குடித்தவர்கள் கட்டட வேலைக்குப் போகும் பெண்கள். ஒருநாள் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது அதிகாரிகளில் ஒருவர் தடுத்தார். “காசெல்லாம் வேணாம்மா. இங்க ஓசி.”

அந்தப் பெண் சொம்பைக் கீழே வைத்தாள். “ஓசியில குடிக்க நாங்க என்ன கையேந்தியா நிக்கிறோம்? மொதல்லயே சொல்லக் கூடாதா ஆயா?” அதன் பிறகு அந்தப் பெண்கள் யாரும் வரவில்லை. ஓசிக் கூட்டம் ஒரு நாளும் தவறவில்லை.

“தர்மம்னு இவங்ககிட்ட சொன்னது நீங்கதானேங்க?” என்று மனைவி கேட்டாள். நான் செய்தித்தாளை மடித்தேன். “வித்தாத்தான் நாளைக்கு மாவு. நீங்களே போய் கடைதான்னு சொல்லிடுங்க.” சரி என்றேன். சொல்லவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மேசையையும் பானையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டாள். கூழ் எங்கே என்று கேட்ட கூட்டத்திடம், அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். சாயந்தரமே சாத்துக்குடிப் பையோடு நலம் விசாரிக்க வந்து நின்றார்கள். கதவைத் திறந்தவள் அவள்தான்.

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. கடையை பஸ் ஸ்டாண்டுகிட்ட மாத்திட்டேன். அங்க வாங்க, காசு குடுத்துக் குடிக்கலாம்.”

“சார் சேவைன்னாரே?”

“உள்ளதான் இருக்காரு. கேட்டுப் பாருங்க.”

நான் உள் அறையில் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.