கழுதை தரையிறங்கிய வாரம்

தைத்து முடித்த சட்டைகளில் பிழை பிடிப்பதுதான் அக்காவின் வேலை. காலர் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் விடமாட்டாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பிசிறு'. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவன் நான். ஆனால் என் பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்று, ஒரு கேமையே செய்தவள் அவள். தபால் மூட்டை சுமந்து மலையேறும் கழுதையின் கதை.

பெரிய நிறுவனங்கள் பதில்கூடப் போடவில்லை. அதனால் ரசிகர்களே முன்பணம் கட்டும் இணையதளம் ஒன்றில் மாதிரி ஆட்டத்தை ஏற்றினோம். ஞாயிறு மாலைக்குள் இலக்குத் தொகை சேரவேண்டும். சேராவிட்டால் கட்டியவர்களுக்கே எல்லாம் திரும்பிப் போய்விடும். வருடக்கணக்கில் வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய வரைந்த கழுதையும் அதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை, கையெட்டும் தூரத்தில் இருந்தோம். மாலையில் பார்த்தால் தொகை குறைந்திருந்தது.

"என்னக்கா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலடா. பாலத்துக்கிட்ட கழுதையைப் பின்னாடி தள்ளினா காத்துல நடக்குமே, அந்தத் தப்பைச் சரி பண்ணிட்டேன்."

ஆட்டத்தில் எல்லோருக்கும் பிடித்ததே அதுதான். 'கழுதையைத் தரையிறக்கிட்டீங்களே, நான் விலகிக்கறேன்' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

"தப்புக்கா காசு குடுத்தாங்க?" அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமா, அக்காவின் கணவர், சொன்னார்: "கழுதை கெட்டா குட்டிச்சுவரும்பாங்க. உன் கழுதை திருந்தினதால நாம குட்டிச்சுவரா நிக்கறோம்."

"சும்மா இருங்க. நானே வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கேன்."

பழைய பிரதி இல்லை. அதன் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டாள். சரி, தப்பைத் திரும்பச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். வரவில்லை. அவள் பறக்கவிட்ட கழுதை நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. பழசோ ஒரு காலை உதறிக்கொண்டு, குடிகாரன் வரப்பில் நடப்பதுபோல் போகும். 'இது வேற கழுதை' என்று ரசிகர்கள் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். தொகை இன்னும் குறைந்தது.

"அவங்ககிட்டயே கேளேன்கா. யாராவது பழசை வச்சிருப்பாங்க."

"செஞ்சவளே தொலைச்சுட்டேன்னு எழுதணுமா? அப்புறம் எவன்டா நம்பிப் பணம் போடுவான்?"

சனிக்கிழமை முழுக்க அந்த ஒரு வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினாள்.

எங்கோ இருக்கும் ஒரு நர்ஸிடமிருந்து பதில் வந்தது. 'எங்க வார்டே இதைப் பார்த்துத்தான் சிரிக்குது. அழிக்கவே இல்ல.' கூடவே பழைய ஆட்டம்.

அதை ஏற்றியதும் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஞாயிறு மதியம் தொகை அசையாமல் நின்றது. நேரம் முடியும் தறுவாயில்தான் இலக்கைத் தொட்டது. மாமா விசிலடித்தார். நான் குதித்தேன். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னும் எவ்வளவு தப்பு இருக்கு தெரியுமாடா இதுல? எதைத் திருத்தறது, எதை விடறது?"

ஆட்டத்தை முதல் காட்சியிலிருந்து ஓடவிட்டாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் பார்த்தபடி இருந்தாள்.