செயலாளர் அண்ணன் சொன்ன ‘அந்த ஜனங்க’

மார்பளவுத் தண்ணீரில், என் அப்பாவைத் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டு செயலாளர் அண்ணன் நடந்துவந்ததை எதிர்வீட்டு மாடிப்படியில் நின்று பார்த்தேன். அந்தப் பெருமழையில் எங்கள் நகரின் கீழ்த்தளங்கள் எல்லாம் மூழ்கியிருந்தன. அப்பாவுக்குக் காலில் மாவுக்கட்டு. அது நனையக் கூடாதென்று தன் சிமெண்ட் கடையிலிருந்து பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து, முழங்கால்வரை சுற்றிக் கயிறுபோட்டுக் கட்டியிருந்தார் அண்ணன். தண்ணீரில் மிதந்துவந்த கேஸ் சிலிண்டர் ஒன்றை ஒரு கையால் ஒதுக்கினார். மறு கை அப்பாவின் காலைப் பிடித்திருந்தது. வெள்ளம் வடியும்வரை அவர் வீட்டு மாடியில்தான் இருந்தோம். அப்பாவுக்கு அவர் மனைவி கஞ்சி கொடுத்தது அண்ணன் சாப்பிடும் எவர்சில்வர் தட்டில்.

ஊரப்பாக்கத்தைத் தாண்டி, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், யாருக்காவது பிரசவ வலி வந்தாலும், முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ் என்பதால் என்னைச் ‘சிஸ்டரு’ என்றே கூப்பிடுவார். நாங்கள் கருங்குழிக் காலனியிலிருந்து வந்தவர்கள். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏரோட்டி என்னைப் படிக்கவைத்தார். நகரில் எவரும் என்னிடம் எங்களைப் பற்றித் துருவி விசாரித்ததில்லை. யாராவது ஊர் கேட்டால், ‘மதுராந்தகம் பக்கம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்குமேல் சொல்லவேண்டிய தேவை வந்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கு நிலத்தில், கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் வாழும் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டப்போவதாகத் தகவல் வந்தபோது தெருவே கொதித்தது. எனக்கும் அதில் சம்மதமில்லை. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும் பள்ளம் அது. அங்கே கட்டடம் எழும்பினால் எங்களோடு சேர்ந்து அவர்களும் மூழ்குவார்கள் என்பதுதான் என் கவலை. கல்யாண மண்டபத்தில் நகராட்சி கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருப்பதாகவும், சாக்கடை, கொசு, காய்ச்சல் பற்றியெல்லாம் நான்தான் பேசவேண்டும் என்றும் அண்ணன் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டேன். வீட்டில் சும்மாதானே கிடக்கிறேன் என்று அப்பாவும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

மேடையில் ஆணையரும் பொறியாளரும் இருந்தார்கள். வரைபடத்தைத் திரையில் காட்டிப் பொறியாளர் விளக்கினார். கேள்விகள் நல்லபடியாகத்தான் தொடங்கின. குடிநீர் எங்கிருந்து வரும், வடிகால் எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பிறகு அண்ணன் எழுந்து மைக்கை வாங்கினார். எப்போதும் எங்கள் எல்லாருக்காகவும் பேசுகிறவர் என்பதால் நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“தண்ணி, சாக்கடை எல்லாம் அப்புறம் சார். அந்த ஜனங்களப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? வூடு கட்டிக் குடுத்தா அத வாடகைக்கு வுட்டுட்டு திரும்ப கால்வாய் ஓரமே போயிடுவாங்க. இல்லாங்காட்டி இங்கியே குடிச்சினு கெடப்பாங்க. நம்ம பொண்ணுங்க அப்புறம் ரோட்ல நடக்க முடியுமா? அது அவங்க பொறப்புலயே கீது சார். நீங்க வூடு குடுத்து மாத்த முடியாது.”

கோபமே இல்லாத குரல். சிமெண்ட் மூட்டையின் தரத்தைச் சொல்வதுபோல, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை நினைவூட்டுவதுபோலச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் என் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியை தட்டினார். வெள்ளத்தின்போது எங்கள் வீட்டுப் பொருட்களை மாடிக்குத் தூக்கிய பையன்கள் தட்டினார்கள். விபத்தில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, பக்கத்தில் இருந்த அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவருடைய வேட்டியின் கரை மட்டும் கண்ணில் பட்டது. அண்ணன் அதே சிரிப்போடு என் பக்கம் மைக்கை நீட்டி, “அடுத்தது நம்ம சிஸ்டரு பேசுவாங்க” என்றார்.

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. பேச நினைத்திருந்ததைப் பேசினேன். முதலில் வடிகால் வெட்டவேண்டும், நிலத்தை உயர்த்தவேண்டும், அதன் பிறகுதான் வீடு என்றேன். தலையாட்டிக் கேட்டார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை.

“நான் கருங்குழிக் காலனிப் பொண்ணு. செயலாளர் அண்ணன் இப்ப சொன்ன ஜனங்க நாங்கதான். எங்க வூட்டு வழியா நடக்க எந்தப் பொண்ணு பயந்துச்சுன்னு யாராவது எழுந்து சொல்லுங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆணையர் தன் கைபேசியைக் குனிந்து பார்த்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு அண்ணன் ஓடிவந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அவர் நடிக்கத் தெரியாதவர். “இன்னா சிஸ்டரு, உன்ன ஏன் அதுல சேத்துக்கற? நீங்க வேற, அவங்க வேற” என்றார். அதைவிட நல்ல சமாதானம் இருக்க முடியாது என்று அவர் மனதார நம்புவது முகத்தில் தெரிந்தது. பாவம், நாங்கள் யாரென்று இப்போதுதானே தெரிந்துகொண்டார், அந்த அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். தெரியாத்தனமாகப் பேசிவிட்டார், தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றேன். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

“அவருக்கு எப்பவோ தெரியும்மா. தண்ணியில தூக்கினு வரப்பவே எந்த ஊருன்னு கேட்டாரு. கருங்குழின்னேன். அங்க எந்தத் தெருன்னாரு. சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? கெட்டியாப் புடிச்சிக்க பெரியவரே, இங்க பள்ளம் கீதுன்னாரு.”

மண்டபத்தில் கைதட்டல் கேட்டபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தெரியாமல் பேசினார் என்றால் மன்னிக்கலாம். தெரிந்ததும் முகம் சுளித்திருந்தால் வெறுத்துவிடலாம். அந்த மனிதரோ தெரிந்தே சுமந்தார், தெரிந்தே தன் தட்டைக் கொடுத்தார், தெரிந்தே மைக்கைப் பிடித்து அப்படியும் சொன்னார். இரண்டிலும் துளிப் பொய் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மனிதருக்குள் வைத்துப் பார்க்க எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இத்தனை நாள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “எறக்கிவுட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார் அப்பா.

நகராட்சி வடிகாலை முதலில் வெட்டியது. திட்டத்தில் ஒரு மாடியைக் குறைத்தார்கள். வழக்கு போடுவோம் என்ற சங்கத்தின் பேச்சு மெல்ல அடங்கியது. வீடுகள் எழும்பின, குடும்பங்கள் வந்தன. இப்போது அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது, அப்பா காலையில் அங்கேதான் போகிறார். கூட்டத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அண்ணன் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அவருக்குச் சர்க்கரை ஏறி, பிரஷர் கூடியபோது அவர் மனைவி வந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வருகிறேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பிரஷர் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறாள், தங்கமான பொண்ணு, அவங்கள மாதிரி இல்ல என்றார். கடையில் மூட்டை இறக்குகிறவனும் அங்கிருந்துதான், ஒரு சொட்டுக் குடிக்கமாட்டான், அவங்கள மாதிரி இல்ல. மாத்திரை வாங்கிவரும் ஆட்டோக்காரன், மீன் கொண்டுவரும் அம்மா என்று ஒவ்வொருவராகச் சொல்லி, ஒவ்வொருவரையும் அப்படியே விலக்கிவைத்துக்கொண்டு போனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“அப்ப ‘அவங்க’ன்றது யாரு அண்ணா?”

அவர் ஜன்னல் வழியாக அந்த மாடிகளைப் பார்த்தார். வரிசையாகத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன, ஒரு பெண் குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என்னைக் காப்பாற்ற நினைப்பவர்போல, அக்கறையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“அவங்க இன்னும் வரல சிஸ்டரு. வருவாங்க பாரு.”