எஃப், ஏ, என்: துளசி ஜெயித்த கதை

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் வேலை செய்கிறாள் துளசி. வயது நாற்பத்து மூன்று. படிப்பு இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றது. ஆனாலும் இங்கிலீஷ் எழுத்து கண்ணில் பட்டால் விடமாட்டாள். பெரிய சொல்லுக்குள் சின்னச் சொல் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று துழாவுவாள்.

ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததும், "ஏய் கங்கா! கேரட்டுக்குள்ள கார் நிக்குது பாரு!" என்று கத்திவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உடன் வேலை செய்யும் கங்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கங்காதான் போன மே தினத்துக்கு இருவர் பெயரையும் தேயிலைத் தோட்டத்துச் சொல்விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்தது. துளசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? அங்க கிராணி வருவாரு லா!"

"வரட்டுமே. அவருக்கென்ன ரெண்டு நாக்கா?"

ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி திருச்செல்வம் மூன்று வருஷமாக அந்தப் போட்டியில் தோற்றதே இல்லை. அவருக்குக் கூட்டாளி தினேஸ்வரன், ஸ்டோர்க்காரர். கடைசிச் சுற்றுக்கு இந்த இரண்டு ஜோடிகளும் வந்தபோது தோட்டத்து மண்டபத்தில் உட்கார இடமில்லை.

கம்போங் ராஜா ஊரிலிருந்து வந்திருந்த பூவிழி டீச்சர்தான் நடுவர். பலகையில் மூன்று எழுத்தை எழுதினார்: எஃப், ஏ, என்.

"நீங்க சொல்ற இங்கிலீஷ் சொல்லுல இந்த மூணு எழுத்தும் இதே வரிசையில சேர்ந்து வரணும். ரெண்டு ஜோடியும் மாத்தி மாத்திச் சொல்லுங்க. அர்த்தமும் சொல்லணும். ஒவ்வொரு முறைக்கும் இருபது செகண்ட்தான்!"

"ஃபேன். விசிறி" என்றார் கிராணி, கால்மேல் கால் போட்டபடி.

"இன்ஃபன்ட். கைக்குழந்தை" என்றாள் துளசி, மெல்லிய குரலில்.

"ஃபேன்சி. அலங்காரம்."

"ஃபேங். பாம்போட விஷப்பல்லு!"

கூட்டம் விசிலடித்தது. கிராணி காலைக் கீழே இறக்கினார். "ஃபேன்டாஸ்டிக். பிரமாதம்" என்று தினேஸ்வரன் சொல்லி முடிப்பதற்குள் கங்கா துள்ளி எழுந்தாள்.

"எலிஃபன்ட்! யானை!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "அக்கா, யானைக்கு எஃப் கிடையாது. பி, எச்" என்றார் டீச்சர். "இன்னும் எட்டு செகண்ட்!"

கங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். துளசி கண்ணை மூடினாள். தினமும் பையில் தைக்கும் லேபிள்கள் வரிசையாக ஓடின.

"ஃபேனிங்ஸ்!"

"அது மார்க்கு டீச்சர்" என்று கிராணி எழுந்தேவிட்டார். "நம்ம தேயிலைப் பையில போடுற பேரு. அகராதியில ஏது?"

"இருக்கும் கிராணி ஐயா" என்றாள் துளசி. தனக்கா இவ்வளவு சத்தம் என்று அவளுக்கே ஆச்சரியம். "சலிக்கிறப்ப இலைத்துண்டு மேல நிக்கும், மாவு கீழ போயிரும். நடுவுல குருணை வரும் பாருங்க, அதான் ஃபேனிங்ஸ். பேரு இருந்தா சொல்லுதான்!"

டீச்சர் போனில் அகராதியைத் திறந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இருக்கு! சலிச்செடுத்த தேயிலைக் குருணைன்னே போட்டிருக்கு. இங்க பாருங்க, ஃபேனுக்கே பழைய அர்த்தம் ஒண்ணு இருக்கு. தானியம் புடைக்கிற தட்டு."

"முறமா?" துளசி மேடை விளிம்புக்கே ஓடிவந்தாள். "அடியே கங்கா, முறம்டி! முறத்துல புடைக்கிறாங்க, காத்து வருது, விசிறி ஆகுது! எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க!"

"விளக்கம் அப்புறம். கிராணி சார், உங்க முறை."

திருச்செல்வம் நெற்றியைத் தேய்த்தார். பதினெட்டாவது செகண்டில், "ஃபவுன்டன்" என்றார். அதில் எஃப்புக்குப் பின்னால் ஓ. நேரம் முடிந்தது.

அதற்குப் பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று துளசிக்கு நினைவில்லை. பரிசு இரண்டு கம்பளிப் போர்வைகள். கிராணி அருகில் வந்து கைகொடுத்தார். "நாலு வருஷமா அந்த லேபிளை நான்தான் அச்சடிக்கக் கொடுக்கிறேன் துளசி. ஒருநாள்கூட உள்ள என்ன இருக்குன்னு பார்க்கல" என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதில் துளசிக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இப்போது தேநீர் இடைவேளையில் சலிக்கும் அறையே ஒரு போட்டிக்களம். யாராவது ஒருவர் மூன்று எழுத்தைச் சொல்ல, எந்திரச் சத்தத்துக்கு மேலே மற்றவர்கள் கத்துகிறார்கள். அடுத்த மாதம் கம்போங் ராஜாவில் தோட்டங்களுக்கு இடையிலான போட்டி.

"போலாமா?" என்று கேட்டாள் துளசி.

"போலாம் லா. ஆனா நீயே பேசு. நான் கைதட்ட மட்டும் வர்றேன்" என்றாள் கங்கா.