ஏட்டம்மா உள்ளே திரும்பிய நாள்

ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாங்கள் மூன்று பேர் ரயிலேறிப் படிக்கப் போனோம். மூன்று பேருக்குமே பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிற்கிற வயது. ஒருவர் மகளிர் தலைமைக் காவலர். ஊரே கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை ஏட்டம்மா என்போம். இன்னொருவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, சர்க்கரை ஆலையில் வாட்ச்மேனாக இருப்பவர். மூன்றாவது ஆள் நான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். திருவிழா, தேர்தல் என்றால் ஊர்க்காவல் படைச் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்று கை காட்டுகிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, தனியாகப் பரீட்சை எழுதி மேலே வந்தவன். புத்தகத்தில் படித்தது மறந்தாலும் மறக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது எனக்கு மறக்காது.

நாங்கள் படித்தது காவல் நிர்வாகத்தில் இளங்கலைப் பட்டம். தொலைநிலைக் கல்விதான், ஞாயிறு மட்டும் ஒரு கல்லூரியில் நேரடி வகுப்பு. எனக்கும் பட்டாளத்துக்காரருக்கும் அது ஓர் ஆசை, அவ்வளவுதான். ஏட்டம்மாவுக்கு அப்படி இல்லை. துறைக்குள்ளிருந்து எஸ்.ஐ. தேர்வு எழுதப் பட்டம் வேண்டும், வயதும் தாண்டியிருக்கக் கூடாது. அந்த வருஷம் பட்டம் கைக்கு வந்தால் ஒரே ஒரு தடவை எழுதலாம். ஒரு பாடம் நின்றுபோனாலும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அவருடைய அம்மா திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கழனி வேலைக்குப் போனவர். வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். "பசங்க ரெண்டு பேரும் படிக்கிறாங்க, பொண்டாட்டியும் படிக்கிறா. நான் டிவி சத்தத்தக் கூட்டுனா மூணு பேருமா சேந்து எம்மேல கேஸு போட்டுடுவாங்க" என்று ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிடும்போது எங்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு மனைவியின் பையைத் தானே தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் வரை வருவார்.

நாங்கள் படிக்கிற காலம் பார்த்துத்தான் சட்டமெல்லாம் புதுசாக மாறிப் பழைய எண்கள் போயின. ஏட்டம்மா சர்வீஸ் முழுக்க மனப்பாடம் செய்த பிரிவுகளை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. கொலை என்றால் முன்னூற்றிரண்டு, அது ஊருக்கே தெரியும். இப்போது நூற்றுமூன்று. பட்டாளத்துக்காரரின் கவலை வேறு. "நானூத்தி இருபதுன்னு ஒருத்தனத் திட்டுனா அவனுக்கு ரோசம் வரும். இப்ப முன்னூத்தி பதினெட்டுன்னு திட்டுனா, பஸ் நம்பரான்னு கேப்பான்" என்றார். ஏட்டம்மா சிரித்தார். ஆனால் ரயில் மயிலம் தாண்டுவதற்குள் நாலு பிரிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிட்டார். இரவுப் பணி முடிந்து, தூங்காமல் அப்படியே வந்திருந்தார்.

எழுத்துத் தேர்வில் அவரைக் குறித்து யாருக்கும் பயமில்லை. சிக்கல், குற்றம் நடந்த இடத்தைப் பார்வையிடும் செய்முறையில் வந்தது.

அந்தப் பாடத்துக்கு ஆசிரியர், தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வகுப்பறையையே திருட்டு நடந்த வீடாக மாற்றிவிடுவார். கவிழ்ந்த நாற்காலி, உடைந்த வளையல், பாதி குடித்த தண்ணீர்ச் செம்பு, ஜன்னலடியில் செம்மண் ஒட்டிய செருப்பு. நாங்கள் எல்லாரும் வராந்தாவில் கூடி நின்று சத்தம் போடும் ஊர்ஜனம். தேர்வு எழுதுபவர் போலீஸ். எதையும் தொடாமல் உள்ளே பார்த்து, பார்த்ததை வாயால் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம்தான் உண்டு.

ஒத்திகையில் ஏட்டம்மாவின் முறை வந்தது. விறைப்பாக நடந்து வாசற்படி வரை போனார். போனவர் சட்டென்று திரும்பி, அறைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்தார்.

"நவுருங்க, நவுருங்க. யாரும் உள்ள பூரக் கூடாது. மிலிட்டரி, இன்னாத்துக்கு எட்டிப் பாக்கறீங்க, கல்யாண வூடா இது?"

நாங்கள் நிஜமாகவே பின்வாங்கிவிட்டோம். நேரம் முடிந்தது. ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பந்தோபஸ்து பிரமாதம் ஏட்டம்மா. திருட்டு எங்க நடந்துது?" என்றார். ஏட்டம்மா திரும்பி அறையை அப்போதுதான் பார்த்தார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறும் அதேதான் நடந்தது. அதற்கடுத்த முறை வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தார். பின்னால் ஜனம் சத்தம் போட்டதும் தோள் தானாகத் திரும்பிவிட்டது. "இப்படியே போனா செய்முறைல நின்னுடும்மா" என்றார் ஆசிரியர். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயில் விக்கிரவாண்டி தாண்டினதும் ஏட்டம்மா சொன்னார்: "எங்க போனாலும் எனக்கு ஒரே டூட்டிதாண்ணா. தூக்கா, திருட்டா, நெருப்பா, எதா இருந்தாலும் 'யம்மா, நீ ஜனத்தப் பாத்துக்க'ன்னுட்டு ஐயாமாரு உள்ள பூடுவாங்க. எத்தினியோ வூட்டு வாசல்ல நின்னுருக்கேன். ஒரு வூட்டோட நடு ரூமு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. வெளிய இருந்த மூஞ்சிங்கதான் தெரியும்."

"பழக்கத்த மாத்தறது பேஜாருதான்" என்றார் பட்டாளத்துக்காரர். "எனக்கு இன்னும் விடியக்காலைல விசில் சத்தம் கேக்குது."

"அது உங்க வூட்டு குக்கரு" என்றார் ஏட்டம்மா. சோகத்திலும் அவருக்கு அந்தத் துடுக்கு போகாது.

அதன்பிறகு பணி இல்லாத பொழுதுகளில் மண்டிக்கு வர ஆரம்பித்தார். உள்ளே வந்து சுற்றி ஒரு பார்வை, வெளியே போய் நின்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சி. முதல் நாள் சொன்னது இது: "மூட்டைங்க இருந்துது. தராசு இருந்துது. ஓரத்துல நீலச் சட்டைக்காரரு, அவருக்கு வூட்ல எதோ சண்ட. மூட்ட தூக்கிக்கினு வந்தவருக்குப் பல்லு வலி."

இரண்டும் உண்மை. மூட்டை தூக்குகிறவர் அன்று காலையிலிருந்து கடைவாயில் லவங்கம் அடக்கியிருந்தார். நீலச் சட்டைக்காரர் எங்கள் மண்டிக் கணக்குப்பிள்ளை, வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்திருந்தார்; ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் ஏட்டம்மா வந்தாலே தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனாலும் தேர்வில் மூஞ்சிக்கு மதிப்பெண் இல்லை. "மனுசன வுடுங்க, பொருளச் சொல்லுங்க" என்றேன்.

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே பார்க்கப் பழகினார். பணி முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து, நின்ற இடத்திலிருந்து சுவரைச் சுவராகப் படிப்பார். ஒரு நாள், "எல்லா மூட்டையும் வெள்ள நூல்ல தச்சிருக்கு, ஒண்ணு மட்டும் பச்ச நூலு" என்றார். அது வழியில் கிழிந்து மறுபடி தைத்த மூட்டை. பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார், சரி. ஆனால் மண்டியில் முண்டியடிக்கும் கூட்டம் இல்லையே. அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

தேர்வன்று வெளியூரிலிருந்து ஓர் அம்மா தேர்வாளராக வந்திருந்தார். சிரிக்காத முகம். வேறு வகுப்பு மாணவர்களையும் வராந்தாவில் சேர்த்திருந்தார்கள். நன்றாகச் சத்தம் போடச் சொல்லியிருந்தார்கள். நான் முன்வரிசையில் நின்றேன்.

ஏட்டம்மா வந்தார். வாசற்படியில் கால் வைத்தார். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது. அவர் திரும்பிவிட்டார். அறைக்கு முதுகு, எங்களுக்கு முகம். போச்சு என்று நினைத்தேன். ஓரமாக நின்ற எங்கள் ஆசிரியர் தரையைப் பார்த்தார்.

ஏட்டம்மாவின் கண் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி என் மேல் வந்து நின்றது.

"ஊர்க்காவல் படை, இங்க வாங்கண்ணா. ஜல்தி."

போனேன். என் தோளைப் பிடித்து, தான் நின்ற அதே இடத்தில் என்னை நிறுத்தினார். "இங்க நில்லுங்க. ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. நீங்க உள்ள திரும்பாதீங்க, ஜனத்தப் பாருங்க." அப்புறம் அவருடைய ஷூ சத்தம் எனக்குப் பின்னால் அறைக்குள் போவது கேட்டது.

உள்ளே அவர் என்ன செய்தார், எப்படி நின்றார் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது. "கதவுத் தாப்பா உடையல. இடது பக்கம் நாற்காலி, வாசலப் பாத்துக் கவுந்திருக்கு..." நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். கத்திக்கொண்டிருந்த பட்டாளத்துக்காரர் வாயை மூடினார். ஆசிரியர், உள்ளேயிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்து மறுகைக்குப் போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இந்த மாதிரி முகங்களைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்துகொண்டு ஒரு மனுஷி இத்தனை காலம் நின்றிருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைத்தது. அதில் அலுத்துப்போகாமல், கசந்துபோகாமல், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு ரயிலேறி வந்தாரே, அது சாதாரணம் இல்லை.

முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்: "பரீட்சைல இன்னொரு மாணவரோட உதவிய எடுத்துக்கிட்டீங்களே, அது எப்படி?"

"அவரு ஒரு உதவியும் பண்ணல மேடம். ஒண்ணத்தயும் பாக்கவே இல்ல" என்றார் ஏட்டம்மா. பிறகு, "உள்ள பாக்கறதுக்கு ஒராளுன்னா, வெளிய பாக்கறதுக்கு ஒராளு வேணும். இத்தினி நாளு அது நானு" என்றார்.

தேர்வாளர் "ம்" என்றார். அந்த "ம்" நல்ல "ம்"மா, கெட்ட "ம்"மா என்று திண்டிவனம் வரை மூன்று பேரும் தர்க்கம் செய்துகொண்டு வந்தோம்.

முடிவு வெளியானபோது பட்டாளத்துக்காரர் இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தார். எனக்குச் சாட்சியச் சட்டம் நின்றுபோனது, மறுபடி எழுதப்போகிறேன். ஏட்டம்மா எல்லாவற்றிலும் தேறிவிட்டார். செய்முறையில்தான் அவருக்கு அதிக மதிப்பெண்.

மறுநாள் மண்டிக்கு வந்தார். நேராக வந்து மூட்டை மேல் உட்கார்ந்து, "எஸ்.ஐ. பரிட்சைக்கு மனுப் போட்டுட்டேண்ணா. கெடைக்குதோ இல்லையோ, எழுதப் போறேன்" என்றார்.

தராசுக்குப் பின்னாலிருந்து நீலச் சட்டைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "எஸ்.ஐ. ஆயிட்டா எங்களயெல்லாம் ஞாபகம் வெச்சிருப்பீங்களா, மேடம்?"

"ஹெல்மெட் இல்லாம வாங்க, நல்லா ஞாபகம் வரும்" என்றார் ஏட்டம்மா. பிறகு அவரையே டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, பையிலிருந்து எஸ்.ஐ. தேர்வுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார்.