இடக்கைப் பிறேக்

1. ஒரு கேள்வி

சுன்னாகத்தில் ஒரு சைக்கிள் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். கண் பார்வை குறைந்து இப்போது வீட்டில் இருக்கிறேன். திருத்திக் கொடுத்த சைக்கிள்களில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன. மறக்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கியர் சைக்கிள் வேலை பழகுகிற பிள்ளைகள் வாசித்தால் போதும். என்னைப் பாவம் பார்க்க வேண்டியதில்லை.

பெற்றோல் கிடைக்காத காலம் அது. காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு சைக்கிளின் பின் கியர் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தேன். சந்தைப் பக்கம் போயிருந்த முதலாளி சாரத்தை மடித்துக் கட்டியபடி வேகமாக வந்தார்.

“குருநகர் மீன்காரர் சந்தைச் சந்தியிலை விழுந்திட்டார். ஹான்டிலுக்கு மேலாலை போய்த் தூர விழுந்தவராம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போட்டினம்.”

“அந்தக் கறுத்த சைக்கிளோ?”

“ஓம். நீ பூட்டிக் குடுத்தது.”

பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பிறேக்கை மாத்திப்போட்டுத்தானே குடுத்தனி?”

கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்தேன். நான் மாற்றவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

2. கடைச் சட்டம்

மவுண்டன் பைக் மலைக்கென்று செய்த சைக்கிள். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? ஏறி இறங்க ஒரு பாலம் கிடைத்தாலே பெடியங்களுக்குப் புளுகம், சந்தோசம் தாங்காது. இருந்தும் அந்தச் சைக்கிள்கள் எங்கள் கடைக்கு இரண்டு வழியால் வந்துகொண்டேயிருந்தன. ஒன்று, கொழும்பில் கொன்ரெயினர் கொன்ரெயினராக இறங்கும் பாவித்த யப்பான் சைக்கிள்கள். முதலாளி மொத்தமாக எடுத்து வருவார். நான் துருச் சுரண்டி, செயின் மாற்றி, விற்பனைக்கு நிறுத்துவேன். மற்றது, கனடா, சுவிஸ் என்று போன பிள்ளைகள் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறவை. முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், இருபத்துநாலு கியர், ஒயிலில் வேலை செய்கிற டிஸ்க் பிறேக் எல்லாம் இருக்கும். கரியர் இருக்காது, ஸ்ராண்ட் இருக்காது, மட்காட் இருக்காது. ஒரு வாழைக்குலை கட்டிக்கொண்டு போக முடியாத சைக்கிளை வைத்து எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? வந்து இறங்கிய கையோடு கரியர் பூட்ட எங்களிடம் வருவார்கள்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு வில்லங்கம் உண்டு. எங்கள் சைக்கிளில் வலக்கைப் பிடி முன் பிறேக், இடக்கைப் பிடி பின் பிறேக். யப்பானில் இருந்து வருவதும் அப்படித்தான். கனடாச் சைக்கிள் மறுவளம். அதில் இடக்கைப் பிடிதான் முன் சில்லை, முன் சக்கரத்தைப் பிடிக்கும். அதுவும் டிஸ்க் பிறேக் என்றால் இரண்டு விரலால் அமத்தினாலே சில்லு நின்றுவிடும். இதனால் கடையில் ஒரு சட்டம் இருந்தது. முதலாளி அடிக்கடி சொல்வார். “வெளிநாட்டுச் சைக்கிள் வந்தா முதல் பிறேக்கை மாத்து. பேந்துதான் காத்தடி.”

கம்பிப் பிறேக்கை மாற்றக் கொஞ்ச நேரம் போதும். டிஸ்க் பிறேக் அப்படியில்லை. இரண்டு பிடியில் இருந்தும் குழாயைக் கழற்றி, இடம் மாற்றிப் பூட்டி, பழைய ஒயிலை எடுத்துப் புதிது விட்டு, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் செய்ய வேண்டும். அரை நாள் போய்விடும். மோட்டார் சைக்கிள் பிறேக் ஒயிலை விட்டால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும், அதற்கென்று வேறு ஒயில் வேண்டும். அந்த ஒயில் என்னிடம் அரைப் போத்தல் இருந்தது. ஒயில் இல்லாததால்தான் மாற்றவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

3. றெஜியின் சைக்கிள்

குருநகர் மீன்காரர் என்று முதலாளி சொன்னவரின் பெயர் அந்தோனிப்பிள்ளை. இருபது வருடமாக மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்து ஊர்களில் விற்றவர். வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே கடைக்கு முன்னால் நிறுத்தி, ஹோர்னை அடித்து, “தம்பி, நல்ல பாரை கிடக்கு, எடுக்கிறியோ?” என்று கேட்பார். அன்று எனக்கு விரதம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய மூத்த மகன் றெஜி கனடாவில் இருந்தவன். ஒரு குளிர்காலத்தில் வேலையிடத்தில் மயங்கி விழுந்தான். தலைக்குள் இரத்தம் கசிந்து மூன்றாம் நாள் போய்விட்டான். முப்பத்தொரு வயது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. கூட்டாளிகள் அவனுடைய சாமான்களைப் பெட்டிகளில் போட்டு அனுப்பினார்கள். ஒன்றில் அவனுடைய சைக்கிள் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் பிரிக்கவில்லை.

பெற்றோல் இல்லாமல் போனதும் மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றுவிட்டது. மீன் யாருக்காகவும் காத்திருக்காது. வேறு வழியில்லாமல் பெட்டியைப் பஸ்ஸில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார். முதலாளி அன்று கொழும்புக்குப் போயிருந்தார்.

“கரியரைப் பூட்டு தம்பி. மிச்சம் ஒண்டையும் தொடாதை. அவன் வைச்சபடி கிடக்கட்டும்.”

“சீற் உங்களுக்கு உயரம் அண்ணை. கால் நிலத்திலை முட்டாது.”

சீற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். றெஜி வைத்திருந்த உயரத்தில், சீற் தண்டைச் சுற்றிக் கறுப்பு ரேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். “எப்ப வேணுமெண்டாலும் அவன்ரை உயரத்துக்கு ஏத்தலாம்” என்றேன். அதற்குத் தலையாட்டினார். சீற்றைக் கீழே இறக்கிப் பதித்தேன்.

அடுத்தது பிறேக். ஸ்பனரைக் குழாயில் வைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உதுக்குள்ளை என்ன கிடக்கு?”

“ஒயில் அண்ணை. கழட்டினா வெளியிலை வந்திடும். புதுசு விடவேணும்.”

“அது அவன் விட்டது. விடேக்கை எனக்கு வீடியோக் கோல் எடுத்துக் காட்டினவன். ஊசியாலை ஏத்திக்கொண்டு, ‘அப்பா, டொக்டர் வேலை பாக்கிறன்’ எண்டு சிரிச்சவன். உந்த ஒயிலை எடுக்காதை தம்பி.”

நான் கோபக்காரன். கடைக்கு வருகிறவர்களை ஏசி முதலாளியிடம் வாங்கிக் கட்டியவன். பிறேக் மாற்ற நேரமில்லை என்று அவசரப்பட்ட எத்தனையோ பேரிடம், “அப்ப சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கோ” என்று சொல்லியிருக்கிறேன். அன்று முடியவில்லை. குழாய்க்குள் இருந்த இரண்டு தேக்கரண்டி ஒயிலை மகனாக நினைத்துக்கொண்டு நின்ற மனிதரிடம் என்ன சொல்வது? ஸ்பனரைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வாயால் மட்டும் சொன்னேன். “அண்ணை, கவனம். இதிலை இடக்கைதான் முன் பிறேக். இடக்கையை இறுக்கிப் பிடிக்கப்படாது.”

“ஓம், ஓம். இடக்கை முன்னுக்கு.”

மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் ஓம் என்றார். கடைக்கு முன்னால் சைக்கிளை ஓடிக் காட்டினார், பிறேக்கை வடிவாகத்தான் பிடித்தார். கரியரில் மீன் பெட்டியைக் கட்ட இரண்டு ரப்பர் பட்டியும் கொடுத்து அனுப்பினேன்.

4. பதினொரு நாள்

பதினொரு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடினார். பன்னிரண்டாம் நாள், சந்தை ஒழுங்கைக்குள் இருந்து வெங்காய மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று திடீரென்று றோட்டுக்கு ஏறியது.

மோட்டார் சைக்கிள் ஓடுகிறவனுக்கு இடக்கையில் இருப்பது கிளச். திடுக்கிட்டால் அந்தக் கை தானாகவே இறுக மூடும். இருபது வருடம் அப்படி மூடிப் பழகிய கை அவருடையது. அன்றும் மூடியது. முன் சில்லு அந்த இடத்திலேயே நின்றது. ஸ்பிரிங் ஃபோர்க் கீழே அமிழ்ந்தது. பின்னால் மீன் பெட்டியின் பாரம் தள்ளியது. நான் மூன்று தரம் சொன்னது அவருடைய காதுக்கு. கைக்கு யாரும் சொல்லவில்லை.

வலத்தோள் நிலத்தில் அடிபட விழுந்தார். உயிர் தப்பியது. தோளுக்குள் நரம்பு அறுந்து வலக்கை தொங்கிப்போனது, இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மீன் வெட்டிய கை அது. இரண்டு முறை ஆசுப்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை கட்டிலடிக்குப் போனேன். அவர் நித்திரையாக இருந்தார். அவருடைய மனைவி என்னைக் கதிரையில் இருத்தி, பிளாஸ்கில் இருந்து பிளேன்ரீ ஊற்றித் தந்தா. பிறேக் விஷயம் அவவுக்குத் தெரியாது. எனக்கு அதைக் குடிக்க முடியவில்லை.

5. ஊத்து

ஆறு மாதத்துக்குப் பிறகு அவரே கடைக்கு வந்தார். சைக்கிளை மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவருடைய வலக்கை களுசான் பொக்கற்றுக்குள் செருகியிருந்தது.

“இவள் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போறாள். இதிலைதான் போகப்போறாளாம். பிறேக்கை மாத்திவிடு தம்பி.”

“அண்டைக்கே மாத்தியிருக்க வேணும் அண்ணை. பிழை என்ரை.”

“நீ சொன்னனிதானே. மூண்டு தரம் சொன்னனி.”

வாங்குப் பலகையில் இருந்தபடி நான் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“அவன் கனடாக்குப் போன புதுசிலை ஒரு சைக்கிள் வாங்கினவன். முதல் கிழமையே விழுந்திட்டான். வாய்க்குக் கீழை நாடி வெடிச்சு நாலு தையல். ‘இஞ்சத்தைச் சைக்கிளிலை பிறேக் மறுவளம் அப்பா’ எண்டு ரெலிபோனிலை சொன்னவன். நீ மூண்டு தரம் சொல்லேக்கையும் எனக்கு அது ஞாபகம் வரேல்லை. றோட்டிலை கிடக்கேக்கைதான் வந்தது.”

ஊசியால் ஒயிலை உறிஞ்சி, அதற்கென்றே கழுவிக் காயவைத்திருந்த சின்னப் போத்தலில் விட்டேன். ஒயில் இன்னும் சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. மூடியை இறுக்கி அவரிடம் நீட்டினேன். இடக்கையால் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திருப்பித் தந்தார்.

“ஊத்து.”

“வைச்சிருங்கோ அண்ணை.”

“அவன் உயிரோடை வந்து இந்தச் சைக்கிளை எனக்குத் தந்திருந்தா, முதல் வேலையா இந்த ஒயிலைத்தான் ஊத்தியிருப்பான். தான் விழுந்தமாதிரி அப்பாவும் விழக்கூடாதெண்டு. நாங்கள் ரெண்டு பேரும் அதை யோசிக்கேல்லை.”

மகள் வேறு பக்கம் திரும்பி நின்றாள். கழிவு ஒயில் ரின்னுக்குள் ஊற்றினேன். அங்கே கிடந்த கறுத்த ஒயிலோடு அது கலந்துபோனது. கண் கலங்கிக்கொண்டிருந்ததில் குழாயைத் திரும்பப் பூட்ட வழமையைவிட நேரம் எடுத்தது.

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான். மனிதரைப் பார்த்து மனம் இளகலாம். சீற் தண்டில் ரேப் ஒட்டியதுபோல அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கலாம். பிறேக்கில் இளகக் கூடாது. அன்று அவருடைய துக்கத்துக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்தேன். அவரை நான் பாதுகாக்கவில்லை.

வேலை முடிந்ததும் அந்தோனிப்பிள்ளை அண்ணை எழும்பி வந்து, இடக்கையால் இடப்பக்கப் பிடியைத் தொட்டார்.

“இது பின் பிறேக்தானே?”

“ஓம் அண்ணை. பின் பிறேக்.”

சற்று நேரத்தில் அதையே இன்னொரு தரம் கேட்டார். இந்த முறை நான் வாயால் சொல்லவில்லை. சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி, சில்லை வேகமாகச் சுழற்றிவிட்டு, அவரை இடக்கைப் பிடியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பின் சில்லு நின்றது.