அந்த வண்டிக்கு ரேஞ்ச் ஏன் குறைந்தது

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடலாம். இது என் மச்சானுக்கு நடந்தது. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

மச்சானுக்கு மின்சாரக் கார் சர்வீஸ் சென்டரில் வேலை. வருவதில் பாதி ரேஞ்ச் புகார்தான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நானூறு கிலோமீட்டர் போகும் என்றீர்கள், இருநூற்றைம்பதைக்கூடத் தாண்டவில்லை. காரணம் அவனுக்கு அத்துப்படி. கம்பெனிக்காரன் அந்த நானூறை ஒரு சோதனை அறைக்குள், சுழலும் உருளைமேல் ஓட்டி எடுத்தான். அங்கே வெயில் இல்லை, மேடு இல்லை, பின்சீட்டில் மாமனார் மாமியார் இல்லை, ஏசி இல்லை. நாம் அப்படியா ஓட்டுகிறோம்? ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது. புகார் வந்த வண்டியைத் தனியாளாக, ஏசியை அணைத்து, நாற்பது வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிவர வேண்டும். கணக்கு தவறாமல் சரியாக வரும். 'வண்டி நலம், ஓட்டும் முறை சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கம்பெனி தப்பித்தது. இப்படி எத்தனை பேர் வாயை அடைத்தானோ, அவனுக்கே நினைவில்லை.

ஒருநாள் மதியம் அதே புகாரோடு ஒரு அம்மா வந்து சாவியை நீட்டினார்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க தம்பி. நான் இங்கயே இருக்கேன்."

மேனேஜர் மச்சானை ஓரமாக இழுத்தார். "அஞ்சு மணிக்குள்ள உன் கையெழுத்து வேணும். இல்லேன்னா பேட்டரிய மாத்திக் கொடுக்கணும். அப்புறம் நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

2:20. கிளம்பினான். திரையில் மீதி 160 கிலோமீட்டர். ஏசியை அணைத்தான். வெயில் கொளுத்தியது.

2:31. முகத்தில் சில்லென்று காற்று. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை பட்டிருக்கும் என்று அணைத்தான். ஓட்டியது ஏழு கிலோமீட்டர். மீதி 128.

2:36. மறுபடியும் காற்று. அணைத்தான்.

டிங்... டிங்... டிங்...

பின்சீட்டில் பெல்ட் போடச் சொல்லும் மணி. பை எதையும் வைக்கவில்லையே. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனால் சீட்டின் மெத்தை நீளவாக்கில் அமுங்கியிருந்தது.

2:41. பிரேக் மிதித்தால் வண்டி சட்டென்று நிற்கவில்லை. ஆள் ஏறிய பாரம். மீதி 70.

ஏசியை அணைத்தான். தானாக வந்தது.

அணைத்தான்.

வந்தது.

பின்னால் மூச்சு... இழுத்து... இழுத்து...

2:47. கை மறுபடியும் பொத்தானுக்குப் போனது. காதருகே சூடாக...

"வேணாம்..."

மீதி 0.

வண்டி நின்றது. மச்சான் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான்.

இழுவை வண்டியோடு திரும்பியபோது மணி நான்கு. மேனேஜர் படிவத்தைத் தள்ளினார். மச்சான் பேனாவை எடுத்தான். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? அந்த அம்மா எழுந்து வந்தார்.

"ஏசிய அணைக்க விட்டாரா?"

"யாரு?"

"எங்க வீட்டுக்காரர். மூணு வாரத்துக்கு முன்னாடி நெஞ்சு வலி. பின்னாடி படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் நெரிசல். மீதி மளமளன்னு இறங்குது. பயந்துபோய் இங்கதான் ஃபோன் பண்ணேன். ஏசிய அணைக்கச் சொன்னாங்க. அணைச்சேன்."

அழைப்புகளெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும். மச்சான் தேடி எடுத்தான். நேரம் 2:47. பேசியது அவனே. நாளுக்கு முப்பது பேருக்கு ஃபோனில் சொல்வதை அந்த அம்மாவுக்கும் சொல்லியிருந்தான்.

"ஏசிய அணைச்சிடுங்கம்மா. இருபது கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்."

பதிவில், அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் இழுத்து இழுத்து, "வேணாம்..." என்றது. அதைக் காதில் வாங்காமல் மச்சான் ஃபோனை வைத்துவிட்டிருந்தான். பதிவுக்கு எதிரே 'புகார் தீர்ந்தது' என்று குறித்ததும் அவன்தான்.

மச்சான் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜரே போட்டுக்கொண்டார். அந்த அம்மா சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், நின்றார்.

"நீங்க சொன்னது பொய்யில்ல தம்பி. ஆஸ்பத்திரி வாசல்ல அவரை இறக்கும்போது உயிர் இல்ல. வண்டில இன்னும் இருபது கிலோமீட்டர் மிச்சம் இருந்துச்சு."