விஞ்ஞானிகளுக்கு டீச்சர்

இன்று கரவனெல்லயில் பஸ் ஏறியதும் போன் அடித்தது. கொழும்பு ஆய்வுகூடத்தில் என்னிடம் புரோகிராம் எழுதப் படிக்கும் விஞ்ஞானி. போன வாரம் "இது எனக்கு வராது" என்று வகுப்பிலிருந்து எழுந்து போனவர்.

"மிஸ், என் புரோகிராம் வேலை செய்யுது! மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷின் குடுக்கிற தரவை ரெண்டு நாள் கையால பிரிப்பேன். இப்ப ரெண்டே நிமிஷம்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்: "யாரு தங்கச்சி போன்ல?"

"ஒரு விஞ்ஞானி அக்கா. நான்தான் அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கிறேன்."

"நீங்க எந்த ஊரு?"

"யட்டியாந்தோட்டைதான். அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறாங்க."

அக்கா எழுந்து நின்று கண்டக்டரிடம் சிங்களத்தில் உரக்கச் சொன்னார், நான் நம் ஊர்த் தோட்டத்துப் பிள்ளை, விஞ்ஞானிகளுக்கே டீச்சர் என்று. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நான் அவரைத் தடுக்கவில்லை.

உங்களுக்கு இப்படி இலவச விளம்பரம் கிடைத்திருக்கிறதா?